ஆமை நினைத்தால் முட்டை பொரிக்குமா?

நமது மக்களுக்கு ஆமையைப்பற்றித் தெரிந்த விஷயம் இரண்டே இரண்டுதான். ஒன்று, ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது. மற்றொன்று, ஆமையானது கரையிலே முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குள் போய் இருந்துகொண்டு, அங்கிருந்தபடியே மனதினால் நினைத்து நினைத்துக் குஞ்சு பொரிக்கிறது என்பது. முதலாவதைப் பாட்டி சொல்லுவாள். இரண்டாவதைச் சாமியார் சொல்லுவார். இரண்டையும் கேட்டுத் தலையாட்டுகிறவர்களில் எத்தனை பேர் ஓர் ஆமை முட்டையைக் கண்ணாலாவது பார்த்திருப்பார்கள்? பாராமலே நம்புவதுதான் பக்தி என்றும், பார்த்த பிறகு கேள்வி கேட்பது அகம்பாவம் என்றும் நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால் ஆமை படும் பாடு ஒரு பக்கம் இருக்க, மனிதன் படும் பாட்டைத்தான் முதலில் சொல்லவேண்டியிருக்கிறது.

சென்ற மழைக்காலத்திலே நமக்குத் தெரிந்த ஒரு தோழர் வீட்டிற்குள் ஓர் ஆமை வந்துவிட்டது. தோழர் படித்தவர், உத்தியோகத்தில் இருப்பவர், ஏரியை அடுத்துப் புதிதாகப் போட்ட மனைப்பிரிவிலே கடன் வாங்கி வீடு கட்டியவர். ஆமையைக் கண்டதும் வீட்டிலே ஒரே அலறல். தெருப் பிள்ளைகள் கல்லெடுத்து அதை அடித்துக் கொன்று சாக்கடையிலே போட்டார்கள். மறுநாள் ஜோசியர் வந்தார்; அதற்கு மறுநாள் புரோகிதர் வந்தார்; சாந்தி, ஹோமம், தானம், தட்சணை என்று பதினையாயிரம் ரூபாய் போயிற்று. அந்த மாதம் வீட்டுக் கடனுக்குத் தவணை கட்ட முடியவில்லை என்று தோழரே நம்மிடம் சொல்லி வருத்தப்பட்டார். “பார்த்தீர்களா, ஆமை புகுந்ததன் பலனை!” என்றும் கூடவே சொன்னார். பணத்தைக் கொண்டுபோனது ஆமையா, ஆசாமியா என்று நாம் கேட்டோம். தோழர் பதில் சொல்லவில்லை.

அதைவிட வேடிக்கை ஒன்று அந்த வீட்டிலேயே இருந்தது. கூடத்திலே ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதிலே ஒரு பித்தளை ஆமையை வடக்குப் பார்த்து வைத்திருந்தார்கள். அது வாஸ்து ஆமையாம். வைத்தால் செல்வம் பெருகுமாம். கடையிலே விலை கொடுத்து வாங்கியதாம். உயிருள்ள ஆமை தானாக வந்தால் தரித்திரம். உயிரில்லாத ஆமையைக் காசு கொடுத்து வாங்கி வந்தால் ஐசுவரியம்! இன்னும் கேட்டால், இந்த ஆமைதான் மகாவிஷ்ணுவின் இரண்டாவது அவதாரம். ஆந்திர நாட்டிலே ஸ்ரீகூர்மம் என்ற ஊரில் ஆமைக்குக் கோயிலே இருக்கிறது. கோயிலுக்குள் இருந்தால் கும்பிடுவதும், கூடத்துக்குள் வந்தால் அடித்துக் கொல்லுவதும் ஒரே தலைக்குள் எப்படிக் குடியிருக்கின்றன என்பது நமக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்பொழுது சிலர் ஒரு புது வியாக்கியானம் செய்கிறார்கள். அந்தப் பழமொழியிலுள்ள ஆமை பிராணியல்லவாம். கல்லாமை, பொறாமை, முயலாமை முதலிய “ஆமை”களாம். அவை புகுந்தால்தான் வீடு உருப்படாதாம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அதே பழமொழியிலே ஆமைக்குப் பக்கத்தில் அமீனாவும் நிற்கிறானே, அவன் எந்த “ஆமை”? பழையது எதையும் தப்பு என்று ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்கள், அதற்கு ஒரு புதுச் சட்டை தைத்துப் போடுவது நமது நாட்டில் வழக்கந்தான். சட்டை தைக்கிறவர் நல்லெண்ணத்தோடு தைத்தாலும், கல்லெடுக்கிற பையனுக்கு அந்த வியாக்கியானம் தெரியாதே.

ஆமை ஏன் வீட்டிற்குள் வருகிறது என்று ஒருவராவது யோசித்தாரா? குளத்திலும் ஏரியிலும் வாழும் பாலாமை முதலிய ஆமைகள், கோடையிலே தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மழை பெய்ததும் வெளிக்கிளம்பி, தண்ணீர் தேடியும் முட்டையிட இடம் தேடியும் நடக்கும். நமது தோழர் வீடு கட்டியது ஏரியின் வாயிலே. அவரும் அவருடைய மனைப்பிரிவும் வருவதற்கு எத்தனையோ காலத்திற்கு முன்பே ஆமைகள் அந்த வழியாக நடந்துகொண்டிருந்தன. ஆகவே ஆமை புகுந்தது வீட்டிற்குள் அல்ல. வீடு புகுந்தது ஆமையின் ஏரிக்குள் என்பதுதான் உண்மை.

நிற்க, ஆமை என்றால் என்ன என்பதைச் சற்றுப் பார்ப்போம். அது பாம்பு, பல்லி, ஓணான், முதலை இவைகளோடு சேர்ந்த ஊர்வன இனம். நுரையீரலால் மூச்சு விடுவது; கடலிலே வாழ்ந்தாலும் மேலே வந்து காற்றை வாங்கித்தான் ஆகவேண்டும். அதன் ஓடு, நத்தை ஓட்டைப்போல உடலுக்கு வெளியே உண்டான வெறுங்கூடல்ல. ஏறக்குறைய ஐம்பது அறுபது எலும்புகள் ஒட்டிச் சேர்ந்ததுதான் அந்த ஓடு. ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளுமே பரந்து விரிந்து மேலோடாகியிருக்கின்றன. அதன்மேல் நம்முடைய நகத்தைப் போன்ற பொருளாலான தகடுகள் மூடியிருக்கின்றன. ஓட்டைக் கழற்றிவிட்டு ஆமை வெளியே வரும் என்று நினைப்பவர்கள், தம் விலா எலும்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போக முடியுமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். நிலத்து ஆமையும் குளத்து ஆமையும் தலையையும் காலையும் ஓட்டிற்குள் இழுத்துக்கொள்ளும். கடலாமைக்கு அதுவும் முடியாது. அதன் தலையும் துடுப்புகளும் எப்பொழுதும் வெளியேதான்.

இந்த ஓட்டைக் கடவுள் ஒரே நாளில் சிருஷ்டித்து மாட்டினாரா என்றால், அதற்கும் பூமியே பதில் சொல்லுகிறது. சீனதேசத்துக் குய்ச்சௌ மாகாணத்திலே கிடைத்து, 2008-ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்ட ஒரு புதைபடிவ ஆமை இருக்கிறது. அதன் வயது ஏறக்குறைய 22 கோடி ஆண்டு. அதற்கு அடிவயிற்றிலே முழு ஓடு இருக்கிறது. முதுகிலே ஓடு இல்லை, விலா எலும்புகள் மாத்திரம் அகலமாகத் தொடங்கியிருக்கின்றன. வாயிலே பல்லும் இருக்கிறது. அதாவது, அரை ஓட்டு ஆமை. மந்தரமலையைத் தாங்கிய முதுகு முதலிலேயே முழு ஓட்டோடு வந்துவிடவில்லை. மாறி மாறி, மெள்ள மெள்ள, கோடிக்கணக்கான ஆண்டுகளில் வந்தது.

இனி முட்டைக்கு வருவோம். சைவத்திலும் வேறு மடங்களிலும் குரு சீடனுக்குத் தீட்சை கொடுக்கும் வகையைச் சொல்லும்போது மூன்று உவமை சொல்லுவார்கள். பறவை தொட்டு அடைகாத்துக் குஞ்சு பொரிப்பதுபோலத் தொட்டுக் கொடுப்பது பரிச தீட்சையாம். மீன் தன் முட்டையைப் பார்த்தே பொரிப்பதுபோலப் பார்வையால் கொடுப்பது நயன தீட்சையாம். ஆமை எங்கேயோ இருந்து நினைத்தே பொரிப்பதுபோல, குருவானவர் தம் இடத்திலே இருந்தபடியே சீடனை நினைத்துக் கடைத்தேற்றுவது மானச தீட்சையாம். தொடவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம், நினைத்தால் போதும், காணிக்கை மாத்திரம் நேரில் வந்து சேரவேண்டும். இந்தப் பெரிய தத்துவம் முழுவதும் ஓர் ஆமை முட்டையின்மேல் நிற்கிறது. ஆகவே அந்த முட்டையைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

பழந்தமிழ்ப் புலவர்களும் ஆமை முட்டையைப் பாடியிருக்கிறார்கள். அகநானூற்றிலே 160-ஆம் பாட்டில், ஆமை முட்டையை மணலிலே மறைத்துப் புதைப்பதும், முட்டை உருண்டையாக இருப்பதும், புலால் நாறுவதும் சொல்லப்பட்டிருக்கின்றன. கண்ணால் கண்டவர் சொன்னது அது, முற்றிலும் சரி. அதே பாட்டில் ஆண் ஆமை காவல் இருக்கிறது என்றும் இருக்கிறது, அது சரியல்ல. ஐங்குறுநூற்றிலே ஆமைக் குஞ்சு தாயின் முகத்தைப் பார்த்தே வளர்கிறது என்று வருகிறது, அதுவும் சரியல்ல. தமிழ்ப்பாட்டு என்பதற்காக நாம் விட்டுக் கொடுக்கப் போவதில்லை. கண்டு சொன்னதைக் கொள்ளுவோம். கேட்டுச் சொன்னதைத் தள்ளுவோம். அந்தப் புலவர்களைக் குறை சொல்லவும் நாம் வரவில்லை. அவர்கள் அந்த உவமையை வைத்து யாரிடமும் தட்சணை வாங்கவில்லை.

தவளையும் மீனும் இடும் முட்டை தண்ணீரிலேயே கிடக்கவேண்டும். வெயிலில் வைத்தால் காய்ந்து போகும். ஊர்வன இடும் முட்டை அப்படியல்ல. அதற்கு மேலே ஓடு இருக்கிறது. உள்ளே கருவைச் சுற்றி நீர் நிறைந்த ஒரு பை இருக்கிறது. அந்தப் பைதான் பனிக்குடம். நம் வீட்டுப் பெண்களுக்குப் பிரசவ காலத்திலே பனிக்குடம் உடைந்தது என்று சொல்லுகிறோமே, அதே பனிக்குடந்தான் ஆமைக்கும், பாம்புக்கும், பல்லிக்கும், கோழிக்கும். தண்ணீரை விட்டு நிலத்திலே குஞ்சு வளர்க்க, 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நமக்கெல்லாம் பொதுவான மூதாதைகளுக்கு ஏற்பட்ட ஏற்பாடு அது. குலத்தைச் சொல்லிப் பெருமையடிக்கிறவர்கள் இந்தக் குலத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளட்டும்.

ஓட்டிலும் வித்தியாசம் உண்டு. முதலையின் முட்டையும் கட்டாமையின் முட்டையும் கோழி முட்டைபோலக் கெட்டியானவை. கடலாமையின் முட்டையும் பாம்பின் முட்டையும் பதப்படுத்திய தோலைப்போல வளைந்து கொடுக்கும்; தட்டினால் உடையாது, அமுக்கினால் குழியும். ஓடு எதுவானாலும் அதிலே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அந்தத் துளை வழியாக உள்ளேயிருக்கும் கரு மூச்சு விடுகிறது. தோல் ஓட்டு முட்டை, சுற்றியுள்ள மணலிலிருந்து ஈரத்தையும் உறிஞ்சி வளருகிறது. மணல் மிகவும் காய்ந்தாலும் கெடும். கடல் ஏறி நனைத்து நிறுத்தினால் மூச்சு முட்டியும் சாகும்.

இன்னொரு முக்கியமான வேற்றுமை. கோழி முட்டைக்குள் மஞ்சட்கருவை நடுவிலே பிடித்து நிறுத்த இரண்டு முறுக்குக் கயிறுகள்போல இருக்கின்றன. அதனால் கோழி அடிக்கடி முட்டையைப் புரட்டிப் புரட்டி அடைகாக்கிறது. ஆமை முட்டையிலே அந்தக் கயிறு இல்லை. இட்ட சில மணி நேரங்களுக்குப் பின் கரு மேற்பக்கத்து ஓட்டிலே ஒட்டிக்கொள்ளுகிறது. அதன் பிறகு முட்டையைத் தலைகீழாகப் புரட்டினால் கரு செத்துப்போகும். ஆகவே ஆமை முட்டைக்கு அடைகாத்தலும் வேண்டாம், புரட்டுதலும் கூடாது. வேண்டியது சூடு, ஈரம், காற்று, அசையாமை. இந்த நான்கையும் கொடுப்பது எது? மணல்!

நமது சோழமண்டலக் கரையிலே ஆண்டுதோறும் இது நடக்கிறது. தை மாதத்திலிருந்து பங்குனி வரையில், பங்குனி ஆமை என்று மீனவர் சொல்லும் கடலாமை இரவிலே கரையேறுகிறது. பின்னங்கால்களால் ஒன்றரை அடி ஆழம் குடம்போலக் குழி தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டு, மணலை மூடி, தன் உடம்பாலேயே தட்டி இறுக்கிவிட்டு, ஒரு மணி நேரத்திற்குள் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. திரும்பிப் பார்ப்பதில்லை, மறுபடி அந்தக் குழிக்கு வருவதில்லை. முட்டையிடும்போது அதன் கண்ணிலிருந்து நீர் வழியும். “பிள்ளையைப் பிரிகிறோமே என்று தாய் அழுகிறது” என்பார்கள். அது அழுகையல்ல, கடலிலே குடித்த உப்பை வெளியேற்றும் சுரப்பி கண்ணருகில் இருக்கிறது, அது எப்பொழுதும் ஒழுகும். கடலிலே இருக்கும்போது தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

நாய்க்கும் திருடனுக்கும் தப்பவேண்டும் என்று, சென்னைக் கடற்கரையில் 1970-களிலிருந்து இளைஞர் சிலர் இரவிலே நடந்து முட்டைகளைத் தேடத் தொடங்கினார்கள். 1988-ஆம் ஆண்டு முதல் மாணவர்கள் ஒரு சங்கமாகவே கூடி இந்த வேலையைச் செய்து வருகிறார்கள். தமிழ்நாட்டுக் கரையிலே பல இடங்களில் வன இலாகாவும் பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது. முட்டைகளை, இட்ட சில மணி நேரத்திற்குள், புரட்டாமல் எடுத்துக்கொண்டு போய், வேலி கட்டிய இடத்திலே, அதே ஆழத்திலே, அதே மாதிரிக் குழியிலே புதைக்கிறார்கள். நாமும் ஒரு மாசி மாதத்து இரவிலே அந்தத் தோழர்களுடன் நடந்தோம். விடிவதற்கு முன் ஒரு குழி கண்டுபிடித்தார்கள். ஒரு மாணவி முழங்காலிட்டு, கை தோள்வரை மணலுக்குள் போக, முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டு.

அந்தக் குழியிலிருந்து அரை மைல் நடப்பதற்குள், அலையோரத்திலே ஒரு பெண் ஆமை செத்துக் கிடந்தது. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, அழுகத் தொடங்கியிருந்தது. சில நாள் முன்பு வலையிலே சிக்கி மூச்சு முட்டிச் செத்தது என்றார்கள். அந்த ஆமை முன்னொரு நாள் இதே கரையில் முட்டையிட்டிருக்கக் கூடுமல்லவா என்று கேட்டோம். “கூடும்; இட்டிருந்தால் அது பொரிப்பகத்திலே இருக்கும்” என்றாள் அந்த மாணவி. “தாய் செத்துவிட்டதே, முட்டை என்ன ஆகும்?” என்றோம். அவள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்து, “ஒன்றும் ஆகாது, ஐயா, நாள் வந்தால் பொரிக்கும்” என்றாள்.

தோழர்களே, மானச தீட்சை அங்கேயே முடிந்துபோயிற்று. தாய் உயிரோடிருக்கும்வரை அது நினைக்கிறதா இல்லையா என்று வாதம் செய்யலாம். ஆமையின் மனதிற்குள் யாரும் புகுந்து பார்க்க முடியாது. ஆனால் செத்துப்போன ஆமை என்ன நினைக்கும்? தாய் செத்த முட்டையும் 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் பொரிக்கிறது. உயிரோடிருக்கும் தாயின் முட்டையும் அதே கணக்கில் பொரிக்கிறது. மணலே இல்லாமல், சூடு காட்டும் பெட்டிக்குள் ஆராய்ச்சிக்காரர் வைத்தாலும் பொரிக்கிறது. மணலை விட்டுக் குளிர்ந்த அறையிலே வைத்தால், தாய் எவ்வளவு நினைத்தாலும் பொரிக்காது. ஆகவே பொரிப்பது சூடே தவிர நினைவல்ல.

ஊர்வனவற்றிலே முட்டையைக் கவனிக்கும் தாய்களும் உண்டு. பெண் முதலை தன் கூட்டைக் காவல் காத்து, குஞ்சு சத்தம் போட்டதும் மண்ணைத் தோண்டி, வாயிலே எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் விடும். மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, உடம்பைக் குலுக்கிக் குலுக்கிச் சூடு உண்டாக்கி அடைகாக்கும். அதுவரை இரைகூடத் தேடாது. கண்ணாடி விரியன் முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து குட்டியாகவே போடும். இவையெல்லாம் பாடுபட்டுச் செய்யும் காரியங்கள். நினைத்துக்கொண்டு சும்மா இருந்து காரியம் சாதிக்கிற பிராணி ஒன்றுகூட இல்லை. மனிதரிலே சிலர் மாத்திரம் அப்படிச் சாதிப்பதாகச் சொல்லிப் பிழைக்கிறார்கள். பல்லியைப் பாருங்கள். சுவர் இடுக்கிலே இரண்டு முட்டையை இட்டுவிட்டுத் தன் வழியே போய்விடுகிறது. தன் முட்டைக்கு நாளை என்ன ஆகும் என்று தெரியாத அந்தப் பல்லி, நம் வீட்டுக் கல்யாணம் கூடுமா கூடாதா என்று சொல்லுகிறதாம்!

மணலின் சூடு குஞ்சைப் பொரிப்பதோடு நிற்கவில்லை. அது ஆணா பெண்ணா என்பதையும் அதுவே நிச்சயிக்கிறது. இதை ஊர்வன இனத்திலே முதன்முதலாக, 1966-ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டு ஓணான் வகை ஒன்றின் முட்டைகளிலே மதலேன் ஷார்னியே என்ற பிரெஞ்சு அம்மையார் கண்டு சொன்னார். பின்னர் ஆமைகளிலும் முதலைகளிலும் இது கண்டறியப்பட்டது. கடலாமை முட்டைக்கு ஏறக்குறைய 29 பாகை செண்டிகிரேடு சூட்டை ஒட்டி ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். சூடு குறையக் குறைய ஆண், ஏற ஏறப் பெண். முதலைக்குக் கணக்கு வேறு. பாம்புக்கு இந்த முறையே கிடையாது. கடலாமை முட்டையிடுகிற நேரத்திலே அது ஆணா பெண்ணா என்று எந்த ஜாதகத்திலும் எழுதியிருக்கவில்லை. அடுத்த சில வாரங்களின் வெயில்தான் எழுதுகிறது. மனிதனுக்கு இப்படியில்லை என்பது நமக்குத் தெரியும். நாமும் சாமியாரைப்போல உவமையை இழுத்து நீட்டப் போவதில்லை. பிறப்பதற்கு முன்பே எல்லாம் முடிவாகிவிட்டது என்று உலகத்து ஜீவராசிகள் அனைத்திற்கும் சேர்த்துத் தலையெழுத்துப் பேசுகிறவர்களுக்கு, இந்தப் பிராணி அடங்கவில்லை என்பதை மாத்திரம் சொல்லுகிறோம்.

இந்தச் சூட்டிலேதான் இப்பொழுது ஆபத்தும் வந்திருக்கிறது. பூமி சூடேறி வருவதால் மணலும் சூடேறி வருகிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பேராமைகளிலே 99 சதவிகிதம் பெண்ணாக இருப்பதை 2018-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டார்கள். ஆணே இல்லாமல் இனம் எத்தனை காலம் நடக்கும்? சூடு இன்னும் மேலே போனால் முட்டைக்குள்ளேயே கரு வெந்து போகும். அதனால்தான் சில பொரிப்பகங்களிலே மணலுக்கு மேலே பந்தல் போடுகிறார்கள். பந்தல் போடுவது யாகமல்ல. ஆனால் பலன் கொடுக்கிறது.

பொரித்த குஞ்சுகள் மூக்கு நுனியிலுள்ள ஒரு சிறு முள்ளால் ஓட்டைக் கிழித்து, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மணலைத் தள்ளி, இரவின் குளிர்ச்சியிலே வெளியே வருகின்றன. வந்ததும் வெளிச்சமான பக்கத்தைப் பார்த்து ஓடும். கோடானுகோடி இரவுகளாக வெளிச்சமான பக்கம் என்பது வானம் கவிந்த கடல்தான். இப்பொழுது வெளிச்சமான பக்கம் சாலை விளக்கும், ஓட்டல் விளக்கும், கோயில் திருவிழா விளக்கும். குஞ்சுகள் கடலை விட்டு ஊருக்குள் ஓடி, நாயின் வாயிலும் வண்டிச் சக்கரத்திலும் முடிகின்றன.

பெரிய ஆமைக்கு எமன் வலை. இழுவைப் படகின் வலை கடலுக்கடியிலே மணிக்கணக்காக இழுபடும்போது, உள்ளே அகப்பட்ட ஆமை மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் செத்துப்போகிறது. 2025-ஆம் ஆண்டு தை மாதத்திலே சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பத்திரிகை படித்தவர்கள் அறிவார்கள். குஞ்சாகக் கடலுக்குப் போவதிலே ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான் பெரிதாகிறது என்று கணக்கிடுகிறார்கள். அதுவும் முட்டையிடும் பருவத்திற்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்படி வளர்ந்த ஒன்றைச் சாகடித்தால், எத்தனை குழி முட்டையைக் காப்பாற்றினாலும் ஈடாகாது.

இதற்கு வழி இல்லாமலில்லை. வலையின் கழுத்திலே கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்தி, பக்கத்திலே ஒரு மடல் திறப்பு வைத்தால், இறால் கம்பிக்கு நடுவே புகுந்து பின்னே போய்விடும்; ஆமை கம்பியிலே தட்டுப்பட்டுத் திறப்பு வழியாக வெளியேறிவிடும். இந்தக் கருவி நம் படகுகளிலே போதிய அளவு இல்லை என்று சொல்லித்தான் 2019-ஆம் ஆண்டிலே அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்க மறுத்தது. நஷ்டம் யாருக்கு? ஆமைக்கு மாத்திரமா? சட்டமும் இல்லாமலில்லை. ஆமையைப் பிடிப்பதும் முட்டையை எடுப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இழுவைப் படகுகள் கரையோரக் கடலுக்குள் வரக்கூடாதென்று 1983-ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம் இருக்கிறது. சிறு வள்ளத்தில் போகும் ஏழை மீனவர்மேல் பழி போட நாம் வரவில்லை. அந்த இழுவை வலை அவர்களுடைய பிழைப்பையும் சேர்த்துத்தான் வாரிக்கொண்டு போகிறது. ஆனால் சட்டம் ஏட்டிலே இருந்துகொண்டு நினைத்தால், ஆமை பிழைக்குமா?

நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான். உலகத்திலே ஒன்றாவது நினைவினால் பொரித்ததில்லை. முட்டை பொரிக்கச் சூடும் ஈரமும் காற்றும் வேண்டும். மக்கள் முன்னேறப் படிப்பும் உழைப்புக்கேற்ற கூலியும் சம உரிமையும் வேண்டும். இவைகளைக் கொடுக்காமல், “எங்கள் குரு உன்னை நினைக்கிறார், நீ கடைத்தேறிவிடுவாய்” என்று சொல்லுகிறவன் முட்டையைக் குளிர்ந்த அறையிலே வைத்துவிட்டுக் குஞ்சுக்குக் காத்திருக்கச் சொல்லுகிறான். காத்திருந்தவர்கள் எத்தனை தலைமுறை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆகவே, இந்த மழையிலே உங்கள் வாசலுக்கு ஓர் ஆமை வந்தால், ஜோசியரைக் கூப்பிடாதீர்கள். கல்லை எடுக்கவும் விடாதீர்கள். வீட்டிற்குள் அடைத்து வளர்க்கவும் கூடாது, சட்டம் இடங்கொடுக்காது. பக்கத்திலுள்ள ஏரிக்கரையிலே விட்டுவிட்டு வாருங்கள். கடற்கரை ஊர்த் தோழர்கள், தை முதல் வைகாசி வரை கரையைப் பார்த்த விளக்குகளை இரவிலே அணைக்கும்படி ஊர்க்கூட்டத்திலே பேசி முடிவு செய்யுங்கள். வைகாசிக்குள் ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பொரிப்பகத்துக்குப் போய், குஞ்சுகள் கடலுக்கு ஓடுவதைக் காட்டுங்கள். தாய் எங்கே என்று பிள்ளை கேட்கும். தெரியாது என்று சொல்லுங்கள். பிறகு மணலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்.